மெய்தொடு மருத்துவமும் அதன் அறமும்

உடலைத் தொட்டும் நீவியும் அழுத்தியும் நோய் தணிக்கும் கலை தமிழ் மரபில் புதியதன்று. ஆயினும் அண்மைக் காலத்தில் அக்கலையின் பெயரால் ஒரு புதிய உரிமை கோரப்படுகிறது. தசையையும் மூட்டையும் சீர்செய்வதோடு அமையாமல், உடலின் வழியே மனத்தையும் நலப்படுத்துவதே தம் பணி என்று கூறிக்கொள்வோர் நகரங்கள்தோறும் பெருகியுள்ளனர். சில வாரப் பயிற்சியில் அத்தகுதியைப் பெற்றுவிடலாம் என்று அழைக்கும் விளம்பரங்களும் உள்ளன. பிறர் உடல்மேல் கைவைக்கும் ஒருவர் அவர்தம் மனத்தின்மேலும் கைவைக்கிறார் எனின், அதற்கான உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவை மருத்துவ நோக்கில் அன்றித் தமிழ் இலக்கண இலக்கிய மரபும் சைவ சித்தாந்தமும் தரும் கருத்துகளின் துணைகொண்டு அறவியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரை.

வேங்கடத்தை அடுத்த நிலம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அவ்வெல்லையை ஒட்டிய இன்றைய திருப்பதி மாவட்டம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். அம்மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி, சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது நாயுடுபேட்டை. 2022 ஏப்ரலில் புதிய மாவட்டம் அமையும்வரை அது நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை சென்னையோடு இணைந்திருந்தது. வயல்வேலை செய்வோரும், சரக்கு வண்டி ஓட்டுவோரும், மேனகூர்த் தொழிற்பகுதியில் நின்றுகொண்டே வேலை பார்ப்போரும் கலந்து வாழும் ஊர் அது. அவ்வாற்றை எதிர்த்துச் சென்றால் திருக்காளத்தி. அதற்கும் தெற்கே புத்தூர்.

புத்தூரின் பெயர் தமிழ்நாட்டில் ஊர்ப்பெயராக அன்றி மருத்துவப் பெயராகவே பலர்க்கும் அறிமுகமானது. 'புத்தூர்க் கட்டு' என்னும் எலும்பு முறிவு வைத்தியம் அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் கேசவ ராஜு என்பவரால் 1881இல் தொடங்கப்பெற்றது என்பர். வேட்டையில் கால் முறிந்த முயலை இலைகளில் பொதிந்து வைத்தபோது அதன் எலும்பு கூடியிருந்ததைக் கண்டு அவர் இம்முறையைக் கண்டறிந்தார் என்பது வாய்மொழி மரபு. பச்சிலை அரைப்பு, முட்டையின் வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவையே கருவிகள். இம்முறையின் மருத்துவப் பயனை மதிப்பிடுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பொதுவாக எலும்பு கட்டுவோர் இறுக்கிக் கட்டியதால் குருதியோட்டம் தடைப்பட்டு உறுப்பையே இழந்தோர் உண்டு என்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன என்பதை மட்டும் குறிப்பிடல் வேண்டும்.

இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. எலும்பு கட்டுபவர் மனத்தைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ஆயினும் அவர்முன் வந்து அமர்பவர் முறிந்த கையோடு அச்சத்தையும் சுமந்தே வருகிறார். கட்டுபவரின் விரல் முறிவைத் தேடும்போது அவர் கண் நோயாளியின் முகத்தில் இருக்கிறது. எங்கே முகம் சுருங்குகிறதோ அங்கே விரல் நிற்கிறது. இழுத்துப் பொருத்தும் நொடிக்கு முன் ஊரைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதேனும் ஒன்று கேட்கப்படுகிறது. சுளுக்கு எடுக்கும் முதியோரிடமும் இவ்வழக்கத்தைக் காணலாம். மனம் என்று பெயர் சொல்லாமலே மனம் கையாளப்படுகிறது. அவ்வாறாயின் 'உடலையும் மனத்தையும் இணைத்து நலம் தருகிறேன்' என்று வாயால் சொல்வதனால் கூடுவது யாது? பொருள்கூறும் அதிகாரம் ஒன்றே கூடுகிறது. நோயாளியின் தோள் இறுகியிருப்பதைக் கண்டவர், அது ஏன் இறுகியது என்று அவர்க்கே எடுத்துரைக்கும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறார். சிக்கல் இங்கே தொடங்குகிறது.

மெய் என்னும் சொல்

தமிழில் ஐம்பொறிகளை எண்ணுமிடத்துத் தொடுபுலனுக்குரிய பொறி மெய் எனப்படுகிறது. கண்ணும் செவியும் உடலின் உறுப்புகள். தொடுபுலனுக்கோ உடல் முழுவதுமே பொறி. தோலைக் குறிக்கும் தொக்கு என்னும் வடமொழி வழிச் சொல் சித்த மருத்துவ நூல்களில் இவ்விடத்தில் வழங்குகிறது. ஆயினும் பொதுவழக்கில் மெய்யே நிலைத்தது. அதே சொல் உண்மையையும் குறிக்கிறது. தனித்தியங்காத எழுத்தையும் குறிக்கிறது. தெலுங்கில் உடலைக் குறிக்கும் மேனு தமிழ் மேனியோடு உறவுடையது என்பதை எல்லைப்புறத்து மக்கள் இலக்கணம் கல்லாமலே உணர்வர்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்குமிடத்து ஓரறிவுயிர்க்குரியதாகக் கூறுவது உற்றறிதலையே. புல்லும் மரமும் பெற்ற முதல் அறிவு தொடுதல்; சுவையும் நாற்றமும் காட்சியும் கேள்வியும் மனமும் அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகின்றன. மனம் ஆறாவது. முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே வேலி எதுவும் அவ்வரிசையில் இல்லை என்பது கருதத்தக்கது.

மெய்ப்பாட்டியல் இதனை மேலும் நெருங்கிக் காட்டுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் உள்ளத்து நிகழ்பவை; எனினும் அவற்றுக்கு இலக்கணி இட்ட பெயர் மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுந்தது மெய்யின்கண் தோன்றியபோதுதான் பிறர் அறியத் தக்கதாகிறது. களவில் தலைவி மறைக்க முயன்றதை அவள் வியர்வையும் நெகிழ்ந்த வளையும் தோழிக்குக் காட்டிக்கொடுக்கின்றன. அகப்பாடல்களின் பெரும்பகுதி இந்தக் காட்டிக்கொடுத்தலின்மேல் நிற்கிறது. ஆனால் அங்கே ஓர் அறமும் உண்டு. தோழி கண்டதை உடனே உரைப்பதில்லை. குறிப்பால் அறிந்தபின் நயமாக வினவுகிறாள். தலைவி தானே சொல்லும் காலத்துக்குக் காத்திருக்கிறாள். மெய்யைப் படிக்கத் தெரிந்தவர்க்குச் சொல்லாதிருக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அகமரபு நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. உடல்வழி மருத்துவம் கற்பிப்போர் தோழியின் இலக்கணத்தைப் பாடமாக வைக்கலாம் என்றால் அது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் பொருந்தாத பேச்சன்று.

உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கூடி உயிர்மெய்யாவதைக் காட்டி, உடலும் மனமும் ஒன்றே எனத் தமிழர் கண்டனர் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது அழகிய உவமை; சான்றாகாது. எழுத்திலக்கணத்திலிருந்து மெய்யியலை வருவிக்கும் வழி எளியது என்பதனாலேயே ஐயத்துக்குரியது. மேலும், உயிர்மெய்யில் கூடுவது உயிரேயன்றி மனமன்று. இவ்வேறுபாடு சிறியதன்று என்பது அடுத்துக் காட்டப்பெறும்.

பிளவு நிகழும் இடம்

ஐரோப்பிய மெய்யியலில் தெக்கார்த்து 1641இல் வெளியிட்ட தியானங்களில் சிந்திக்கும் பொருளையும் இடத்தை அடைக்கும் பொருளையும் இருவேறு பொருள்களாகப் பிரித்தார். பொகீமியாவின் இளவரசி எலிசபெத்து 1643இல் அவருக்கு எழுதிய மடலில், இடம் அடைக்காத மனம் இடம் அடைக்கும் உடலை எவ்வாறு அசைக்கும் என்று வினவினார். அவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைத்தது என்று கூறவியலாது. 1649இல் வெளிவந்த நூலில் மூளையின் நடுவே உள்ள சிறு சுரப்பி ஒன்றை இரண்டும் சந்திக்கும் இடமாகத் தெக்கார்த்து காட்டினார். 'மனத்தையும் உடலையும் இணைத்தல்' என்று இன்று வழங்கும் தொடர் அந்தப் பிளவு நிகழ்ந்த மண்ணில் பிறந்தது. பிரித்தவர்க்கே இணைக்கும் கவலை.

சைவ சித்தாந்தம் பிளவே இல்லை என்று கூறவில்லை. அது பிளவை வேறோர் இடத்தில் வைக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் அந்தக்கரணங்கள். அவையும் மாயையின் காரியங்களே. கையும் காலும் எவ்வகையில் சடமோ அவ்வகையில் மனமும் சடம். சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஆன்மா இக்கரணங்களுள் ஒன்றன்று என்பதை நிறுவ முற்படுகிறது. சித்த மருத்துவம் கூறும் தொண்ணூற்றாறு தத்துவங்களிலும் மனம் ஏனைய கருவிகளோடு ஒரு கருவியாகவே எண்ணப்படுகிறது. எனவே கோடு உடலுக்கும் மனத்துக்கும் நடுவே விழவில்லை. அவ்விரண்டையும் ஒருபுறத்தே வைத்து, நுகர்பவனாகிய உயிரை மறுபுறத்தே வைக்கிறது.

இக்கொள்கையை ஏற்காதவர்க்கும் இதனால் விளையும் அறவியல் முடிவுகள் பயன்படும். உயிர் என்னும் சொல்லை விரும்பாதவர் 'பட்டறிபவர்' என்று கொள்ளலாம். முதலாவதாக, உடலை மட்டும் தொடும் தொடுதல் என்று ஒன்று இல்லை. கால் பிடித்துவிடுபவரும் தலைக்கு எண்ணெய் தேய்ப்பவரும், மனத்தைப் பற்றிய கொள்கை எதுவும் இல்லாமலே, அதே கருவித் தொகுதியைத் தொடுகின்றனர். ஆதலின் பொறுப்பு, மனநலம் தருவதாக விளம்பரம் செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. இரண்டாவதாக, எவர் கையும் சென்று சேராத ஒருவர் அவ்வுடலுக்குரியவராக எப்போதும் எஞ்சி நிற்கிறார். 'முழுமனிதரையும் குணப்படுத்துகிறேன்' என்பவர் தம் கைக்கு எட்டாததையும் எட்டியதாகக் கூறுகிறார். முழுமை என்னும் சொல் மருத்துவரின் பணிவைக் காட்டப் பிறந்தது. இன்று அது பல இடங்களில் மிகையுரிமையைக் காட்டவே பயன்படுகிறது.

அறிவியலின் சான்றும் இவ்வெல்லையைக் கடந்து செல்லவில்லை. மெல்ல வருடும் தொடுதலுக்கு, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், சிறப்பாக எதிர்வினை புரியும் மெல்லிய நரம்பிழைகள் மனிதத் தோலில் உள்ளன என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் நிறுவியுள்ளனர். அவ்வேகத்தில் வருடுவதே மக்களுக்கு மிக இனிதாகவும் இருக்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்தமைக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு தேவிது சூலியசு, ஆர்தெம் பத்தபூதியன் ஆகிய இருவர்க்கும் வழங்கப்பெற்றது. தொடுதல் செய்தி மட்டுமன்று, உணர்வுமாகும் என்பதற்கு இவை வலுவூட்டுகின்றன. குழந்தையின் தீண்டல் உடலுக்கு இன்பம் என்ற வள்ளுவர்க்கு இது வியப்பாக இருந்திராது. ஆனால் இறந்த தாயின் துயரம் இடத்தோளில் தங்கியிருக்கிறது என்று சொல்ல இவற்றுள் எதுவும் இடந்தரவில்லை.

பழி சுமத்தும் பரிவு

மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவை வற்புறுத்துவோர் தாம் அறியாமலே செய்யும் ஒரு தீங்கு உண்டு. நோயின் வேர் மனத்தில் உள்ளது என்றவுடன் நோய்க்குரியவரே நோயின் காரணராகிவிடுகிறார். நாள்தோறும் பத்து மணிநேரம் நின்று வேலை செய்யும் பெண்ணின் இடுப்புவலிக்கு அவர் அடக்கிவைத்த சினமே காரணம் என்று கூறுவது பரிவுபோல் தோன்றும். வேலை நேரமும் நாற்காலி இன்மையும் அங்கே பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை வழங்க வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர நேர்ந்தது. அவர்களுடைய கால்வலிக்கு உள்மன ஆய்வு தேவைப்படவில்லை. ஒரு முக்காலி தேவைப்பட்டது. முன்வினையைக் காட்டி நோயாளியை அடக்கிய பழைய வழக்கத்துக்கும், அடக்கிய உணர்ச்சியைக் காட்டி அடக்கும் புதிய வழக்கத்துக்கும் உள்ள தொலைவு மிகுதியன்று.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இவ்வகையில் தெளிவு தருகிறது. முதற்குறள் வளி முதலாகிய மூன்றின் மிகுதி குறைவுகளை நோயாகக் கூறுகிறது; அடுத்த ஆறும் உணவைப் பற்றியன; இறுதி மூன்றே மருத்துவம் பற்றியன. உணவிலும் நோயாளியின் பொறுப்பு பேசப்படுகிறதே எனலாம். பேசப்படுகிறது, எனினும் அங்கே கூறப்படுவது ஒருவர் கண்டு திருத்திக்கொள்ளக்கூடிய செயல். தமக்கே தெரியாத உள்ளத்து இரகசியம் ஒன்றைப் பிறர் கண்டுசொல்ல, அதற்குத் தலைவணங்க வேண்டிய நிலை அங்கில்லை. ஈற்றுக்குறள் நோயாளியையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக எண்ணுவதோடு அவரையே முதலில் வைப்பதும் எண்ணத்தக்கது.

தொடுதலின்போது அழுகை பெருகுவது அரிதன்று. நெடுநாள் எவராலும் தொடப்படாத முதியவர், கணவனை இழந்தவர், நோயால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோர் கைபட்ட அளவில் கண்ணீர் விடுவதுண்டு. அப்போது செய்யத்தக்கது யாது? பிராய்டு தம் தொடக்க காலத்தில் நோயாளியின் நெற்றியைக் கையால் அழுத்தி மறந்தவற்றை நினைவுகூரச் செய்தார். 1895இல் வெளிவந்த நூலில் அதனைக் குறித்துள்ளார். பின்னர்த் தொடுதலையே கைவிட்டுச் சொல்லை மட்டும் கைக்கொண்டார். அவர் மாணவர் வில்லெம் ரீக்கு தசை இறுக்கத்தை உள்ளத்தின் கவசமாகக் கண்டு மீண்டும் உடலுக்குத் திரும்பினார். மேலைநாட்டு உடல்வழி மருத்துவங்கள் பலவும் இவ்வூசலாட்டத்தின் வழித்தோன்றல்களே. தொடுபவர் பேசாதிருத்தலும் பேசுபவர் தொடாதிருத்தலும் ஒருவகைக் காப்பு. இரண்டையும் ஒருவரே மேற்கொள்ளும்போது அவர் கையில் சேரும் வலிமை இருமடங்கன்று, அதனினும் மிகுதி. கண்ணீர்க்குப் பொருள் கூறாது, கையை எடுத்துவிடாது, போர்வையை இழுத்து மூடிக் காத்திருப்பவரே அத்தொழிலுக்குரியவர்.

கைக்கு இடும் கட்டுப்பாடு

தென்கோடியில் குமரி மாவட்டத்து வர்ம மரபு இவ்வலிமையை நன்கு உணர்ந்திருந்தது. வர்மப் புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108ஆக வகுப்பது பெருவழக்கு. அடிபட்டால் உயிர்க்கு ஊறாகும் இடங்களும் தடவி எழுப்பினால் உயிர் மீட்கும் இடங்களும் ஒரே கல்வியின் இருபுறங்கள். இதனால்தான் ஆசான் மாணவரைப் பல்லாண்டு உடன்வைத்துச் சினம் எவ்வளவு, பொறுமை எவ்வளவு என்று பார்த்த பின்னரே மறைபொருளைக் கூறினார். உரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட ஆய்வுநூல் இம்மறைப்பின் இயல்பை விரிவாக ஆராய்கிறது. மறைப்பில் தன்னலமும் குடும்ப உரிமையும் கலந்திருந்தன என்பதை மறுக்கவியலாது; ஓலைகளோடு அழிந்த அறிவும் உண்டு. எனினும் கையின் திறமைக்கு முன் கைக்குரியவரின் குணம் சோதிக்கப்பட்டது என்பது மறைப்பின் நற்பகுதி.

சித்த மருத்துவம் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் ஒன்றாக வைத்த தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இவை யாவும் வினைப்பெயர்கள். கை செய்வதை மட்டுமே அவை கூறுகின்றன; நோயாளி எதனை உணர வேண்டும் என்று கூறவில்லை.

இன்று சோதிக்கும் பணி சட்டத்திடம் உள்ளது. 1964இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரத்தில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இக்கலையைப் பொதுவறிவாக்கின. பரம்பரை வைத்தியர் உரிய தகுதியும் பதிவும் இன்றி மருத்துவம் செய்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சான்றிதழ் உடற்கூறு தெரியுமா என்று கேட்கிறது. அது கேட்கத்தக்க கேள்வியே, கேட்காததால் உறுப்பிழந்தோர் உளர். ஆனால் சினம் எவ்வளவு என்று எத்தேர்வும் கேட்பதில்லை. சில வாரப் பயிற்சியோ இரண்டையுமே கேட்பதில்லை.

தீண்டல்

இவ்வாராய்ச்சியில் தவிர்க்கவியலாத ஒன்று எஞ்சியுள்ளது. தொட்டு நலம் தருதலைப் போற்றும் இதே நிலத்தில் தொட்டால் தீட்டு என்பதும் நெடுங்காலம் வழங்கியது. முடிதிருத்துவோருள் ஆடவர் மருத்துவராகவும் பெண்டிர் மருத்துவச்சியராகவும் பணிபுரிந்தனர். பிள்ளையை முதலில் தொட்ட கையும் புண்ணைக் கழுவிய கையும் அவர்களுடையவை. அதனாலேயே அக்கைகள் தாழ்த்தப்பட்டன. பிறர் உடலின் கசிவைத் தொடுவது ஒருவரை எந்த அளவுக்கு இன்றியமையாதவர் ஆக்கியதோ அந்த அளவுக்கு இழிந்தவராகவும் ஆக்கியது. சித்த மருத்துவராக வாழ்ந்து 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், மருத்துவமும் சாதியும் பற்றி எழுதியவற்றை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் வேண்டும். அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் அதே தொழில் குளிரூட்டிய அறையில், நறுமண எண்ணெயோடு, புதிய பெயரில் நடைபெறும்போது மதிப்புப் பெறுவதும், சந்தைக்கு வெளியே சுளுக்கு எடுக்கும் முதியவள் மதிப்பிழந்தே இருப்பதும் ஒழிந்துவிட்டதாகக் கூறவியலாது. மனமும் உடலும் ஒன்று என்று பேசுவோர் எவர் உடல் எவரைத் தொடலாம் என்னும் கேள்வியை விடுத்து அதனைப் பேசுவதில் பொருளில்லை.

திருக்காளத்தியின் கண்ணப்பர் வரலாறு இங்கு மறுவாசிப்புக்குரியது. பொத்தப்பி நாட்டு உடுப்பூர் வேடரான திண்ணனாரின் பத்தியைப் புகழ்வதோடு அவ்வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் ஒரு மருத்துவராகவும் நடந்துகொள்கிறார் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அவர் வாய்நீரும் மென்ற ஊனும் சிவகோசரியார்க்குத் தீட்டு. ஆகமப்படி கழுவப்பட வேண்டியவை. ஆனால் இறைவன் வலக்கண்ணில் குருதி பெருகியபோது திண்ணனார் செய்பவை அடுத்தடுத்த முறையான செயல்கள். முதலில் ஊறு செய்தவரைத் தேடுகிறார். காணாமையால், அம்பு தைத்த புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிகிறார். குருதி நிற்கவில்லை. பின்னரே, தசையின் நோய்க்குத் தசையே மருந்து எனக் கேட்டிருந்தது நினைவுக்கு வரத் தம் கண்ணை அகழ்ந்து அப்புகிறார். அறிந்த மருந்தைத் துறந்து நேரே தியாகத்துக்குத் தாவவில்லை. அறிந்தது தீர்ந்த இடத்தில் தம்மையே மருந்தாக்குகிறார். மருந்து பலித்தது கண்டு மகிழ்ந்து ஆடவும் செய்கிறார்.

இடக்கண்ணிலும் குருதி தோன்றுகிறது. இப்போது அவர்க்கு அச்சமில்லை, மருந்து தெரியும். ஆனால் எஞ்சிய கண்ணையும் எடுத்துவிட்டால் அப்பும் இடம் தெரியாது. எனவே இடம் அறிவதற்காக இறைவன் கண்ணின்மேல் தம் இடக்காலை ஊன்றிக்கொள்கிறார். பார்வையின்றிச் செய்ய வேண்டிய பணிக்குத் தொடுதல் ஒன்றே அவர்க்கு அடையாளம். அதற்குக் கை ஓய்வாக இல்லை. சேக்கிழார் அக்காலுக்கு மன்னிப்பு வேண்டவில்லை.